பதினைந்து குக்கரும் ஒரு பட்டையும்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் பேசும். கார்கள் ஆளில்லாமல் தாமாகவே கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் அவற்றின் இடத்தில் நின்றுகொள்ளும். மூன்றாம் மாடி வரதராஜன் வீட்டு ஃபிரிட்ஜ், தயிர் புளித்துவிட்டால் அவருடைய போனுக்குத் தகவல் அனுப்பும். ஆனால் துவரம் பருப்பு வேகவேண்டுமென்றால் இன்றைக்கும் குக்கர் ஐந்து விசில் அடித்தாக வேண்டும். விஞ்ஞானம் எங்கே நின்றுவிட்டது என்று யாராவது என்னைக் கேட்டால் சமையலறை வாசலில் என்று சொல்வேன்.

திருச்சியில், கருமண்டபத்துக்குப் பக்கத்தில், நான்கு மாடி, பதினாறு வீடு. கட்டியவர் பதினாறு சமையலறைகளின் ஜன்னலையும் நடுவில் இருக்கும் ஒரே காற்றுக் குழியைப் பார்த்து வைத்துவிட்டார். டக்ட் என்போம். காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்றார். காற்று வரவில்லை. பதினாறு வீட்டுச் சாம்பார் வாசனையும் சத்தமும்தான் வந்தன. எட்டாம் நம்பர் வீட்டில் மட்டும் படுக்கையறை ஜன்னலும் டக்டைப் பார்த்துத்தான் இருந்தது. அந்த அறையில்தான் நறுமுகை படுப்பாள்.

நறுமுகைக்குப் பதினைந்து வயது. அறிவு வளர்ச்சி நான்கு வயதுக் குழந்தையுடையது என்று அரசாங்கச் சான்றிதழ் சொல்கிறது. படியேறி வரும் காலடிச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று அவள் சொல்வாள் என்பது சான்றிதழில் இல்லை. பெயர் சொல்ல வராது, வீட்டு நம்பரைச் சொல்வாள். நான் ஏழாம் நம்பர். மாலையில் நான் இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வரும்போதே "ஏழு வந்தாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சான்றிதழ் எழுதிய டாக்டருக்கு இந்த வித்தை தெரியாது.

காலை ஆறரையிலிருந்து எட்டு வரை அவள் கத்துவாள். சாதாரணக் கத்தல் இல்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். ஒருமுறை அம்மா வினோதினியின் மணிக்கட்டைக் கடித்ததில் இரண்டு தையல் போட்டார்கள்.

நான் சிவசைலம், கல்லூரியில் தமிழ் வாத்தியார். அந்த ஒரு குற்றத்துக்காகக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். எங்கள் செயலாளர் தட்சிணாமூர்த்தி ஓய்வுபெற்ற பொறியாளர். எந்தத் தீர்மானத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க சைலம், எதிர்ப்பு இல்லை" என்பார். எதிர்ப்பு உண்டா என்று கேட்டுவிட்டு அதைச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. பத்து வருடமாக எங்கள் சங்கத்தில் எதற்கும் எதிர்ப்பு இருந்ததில்லை.

அந்த வருடம் குடியிருப்பு அமைதிச் சட்டம் வந்திருந்தது. ஒரு வீட்டின்மேல் மூன்று சத்தப் புகார் பதிவானால், அந்த வீட்டார் சத்தத்துக்குச் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என்ன சிகிச்சை என்பதைச் சங்கம் தீர்மானிக்கும். நாய், கைக்குழந்தை, ட்ரம்ஸ் வாசிக்கும் மாணவன் எல்லாரும் சட்டத்தில் ஒரே பிரிவு. நறுமுகையின் மேல் நாற்பத்தொரு புகார் இருந்தது. அதில் நான்கு என்னுடையவை.

இதற்காகக் கூட்டிய சங்கக் கூட்டத்துக்கு, மருந்துப் பட்டை செய்யும் ஒரு கம்பெனியின் மருத்துவ ஆலோசகர் டாக்டர் ஆதவன் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். குரலைத் தேனில் தோய்த்து வைத்திருந்தார்.

"ரெண்டு வழி இருக்குங்க," என்றார். "ஒண்ணு மருந்து, இன்னொண்ணு நடத்தைப் பயிற்சி. பயிற்சின்னா, ஒருத்தர் வீட்டுக்கு வந்து, பிள்ளை எதுக்குக் கத்துதுன்னு பார்த்து, கத்தறதுக்குப் பதிலா வேற என்ன செய்யலாம்னு கொஞ்சம் கொஞ்சமா பழக்குவாங்க. நல்ல முறைதான், நான் குறை சொல்லல. மாவட்டத்துக்கே பதினோரு பேர் இருக்காங்க. இருபத்திரண்டு மாசம் காத்திருக்கணும்."

"மருந்து எப்ப கிடைக்கும்?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"நாளைக்குக் காலைல."

அறையில் எல்லாருக்கும் டாக்டரை உடனே பிடித்துப்போனது. அவர் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார். அதன் பெயர் சாந்தம்.

"இதப் புஜத்துல ஒட்டிக்கணும். இதுக்கு ஒரு காது இருக்கு, நாடியும் பார்க்கும். பெரிய சத்தம் கேட்டு, அதே நேரம் நாடியும் எகிறுச்சுன்னா, பிள்ளைக்கு ஆவேசம் வருதுன்னு அர்த்தம். உடனே ஒரு துளி மருந்து தோல் வழியா உள்ள போயிரும். பச்சை விளக்கு நீலமாகும், அவ்வளவுதான். பிள்ளை அமைதியாயிரும்."

வினோதினி எழுந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள். கணவன் துபாயில். காலையில் மகளுடன் மல்லுக்கட்டிவிட்டு ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சேலையில் கிளம்புகிறவள்.

"சார், அவ சும்மா கத்தல. குக்கர் விசிலுக்குத்தான் கத்துறா. எங்க வீட்டுல நான் குக்கரே வைக்கிறதில்ல. மத்த வீட்டு விசில் டக்ட் வழியா நேரா அவ கட்டில்கிட்ட வருது. எப்ப அடிக்கும்னு அவளுக்குத் தெரியாது, அதான் பயம். காலைல மட்டும் ஒரு பத்து நாளைக்கு எல்லாரும் கொஞ்சம்…"

"பருப்ப வாய்லயே வேக வச்சுக்கணுமாம்மா?" என்றார் வரதராஜன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"ஒரு பிள்ளைக்காகப் பதினஞ்சு வீடு சமைக்கிற முறைய மாத்தணுமா? உனக்கே நியாயமாப் படுதாம்மா?" என்று தட்சிணாமூர்த்தி மேசையைத் தட்டினார். "மருந்துன்னு முடிவு பண்ணியாச்சு. எழுதிக்குங்க சைலம், எதிர்ப்பு இல்லை."

வினோதினி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் நறுமுகை, சிரிப்புச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். அழுகையை எழுத எங்கள் பதிவேட்டில் பத்தி கிடையாது. குக்கர் பற்றிச் சொன்னதையும் நான் எழுதவில்லை. பேசுபொருளுக்குப் புறம்பானது என்று நினைத்தேன். 'எதிர்ப்பு இல்லை. ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதி அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

நான்கு மாதம் அடுக்ககத்தில் அப்படி ஓர் அமைதி. புகார் ஒன்றுகூட இல்லை. லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் பட்டையைப் புகழ்ந்தார்கள். நறுமுகை மாலை வேளைகளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், வாயோரம் எச்சில் வழியும். உடம்பு ஊதிவிட்டது. "எவ்ளோ நல்ல பிள்ளை ஆயிட்டா பாருங்க" என்று போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் ஒருமுறை சொன்னேன். 'ஏழு வந்தாச்சு' நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. கிடைத்துக்கொண்டிருந்தபோது அதை ஒரு வரவேற்பாக நினைத்திருந்தால்தானே, நின்றபோது தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வினோதினி மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி சுகன்யா நர்ஸ், அன்றைக்கு டியூட்டி. மட்டனைக் குக்கரில் வைத்துவிட்டு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நறுமுகையைச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

"அண்ணா, உங்ககிட்ட புகார்ப் பதிவு இருக்கும்ல, அது எனக்கு நேரத்தோட வேணும்," என்றாள். கையில் ஒரு கத்தைத் தாள் வைத்திருந்தாள். "செவ்வாக்கிழமை டாக்டர் ஆதவன் வர்றார். இரட்டை மருந்துக் கலம் வச்ச பட்டை மாத்தணுமாம். ஒரு நாளைக்கு முப்பத்தொரு துளி போகுதாம், இது பத்தலையாம்."

"முப்பத்தொண்ணா? பிள்ளைதான் கத்துறதே இல்லையேம்மா."

"அதத்தான் நானும் கேட்டேன். முப்பத்தொரு தடவை கத்த இருந்துச்சு, பட்டை தடுத்துருச்சுங்கறார்."

வாசலில் பூசணிக்காய் கட்டியிருப்பதால்தான் வீட்டுக்குள் பேய் வரவில்லை என்று சொல்கிறவரிடம் என்ன பேசமுடியும்?

"நேத்து இட்லி இவ தொண்டைல மாட்டிக்கிச்சு அண்ணா," என்றாள் வினோதினி. "முழுங்க மறந்துட்டா. மென்னுட்டே இருந்தவ அப்படியே கண்ணு சொருகிட்டா. முதுகுல அடிச்சு அடிச்சு வெளிய எடுத்தேன். உதடெல்லாம் நீலம். இதுக்கு மேல மருந்து கூட்டுனா எம்பிள்ளை ஒரு நாள் எந்திரிக்கவே மாட்டா."

தாள்களை வாங்கிப் பார்த்தேன். பட்டை பதிந்த ஒவ்வொரு துளிக்கும் நேரம் போட்டிருந்தது. ஓரத்தில் டாக்டரின் விளக்கங்கள். பொங்கலன்று காலை ஒரு துளிகூட இல்லை: 'பண்டிகை மனநிலை'. கேஸ் குழாய் பழுதாகி நாங்கள் எல்லாரும் ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்ட நாளிலும் ஒன்றும் இல்லை: 'காரணம் அறியப்படவில்லை'. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் குறைந்து மதியம் ஏறியது. அதற்கு 'ஞாயிறு நண்பகல் ஆவேசம்' என்று பெயரே வைத்துவிட்டார். அதைப் பற்றிச் சிங்கப்பூரில் கட்டுரை வாசிக்கப் போகிறாராம்.

அப்போது என் குக்கர் விசில் அடித்தது.

நறுமுகை சத்தமே போடவில்லை. மடியில் கிடந்த கை மட்டும் துணியை இறுக்கிப் பிடித்தது. புஜத்தில் பச்சை விளக்கு நீலமானது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது விசில். மறுபடி நீலம். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அடங்குவதற்கு முன் அது மூன்றாவதையும் அடித்தது. நறுமுகையின் தலை மெல்லத் தொங்கியது.

தாளைத் திரும்ப எடுத்தேன். காலை 7.12, 7.14, 7.17. திங்கள் முதல் சனி வரை, நான்கு மாதமாக, அந்த இரண்டு நாளைத் தவிர ஒரு நாள் தவறாமல். அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு மணிக்கு அரிசி வைப்பேன், மூன்று விசில், ஏழே முக்காலுக்குக் கேரியர் கட்டுவேன். என் மதியச் சாப்பாட்டுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தினமும் மூன்று துளி மயக்க மருந்து கொடுத்திருக்கிறேன். சாதம் மட்டும் குழையாமல் வந்துகொண்டிருந்தது.

"வினோ, இந்த மூணும் என் குக்கர்மா," என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"எந்த விசில் எந்த வீட்டோடதுன்னு இவளக் கேட்டிருந்தா வரிசையாச் சொல்லிருப்பா," என்றாள் அவள். "இப்பதான் பேசறதே இல்லையே."

டாக்டர் ஆதவனுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பட்டை சரியாத்தானே சார் வேலை செஞ்சிருக்கு? சத்தம் கேட்டுச்சு, நாடி எகிறுச்சு."

"சத்தம் போட்டது குக்கருங்க."

"நாடி எகிறினது பிள்ளைக்குத்தானே? குக்கருக்கு நாடி கிடையாதே."

"அப்ப குக்கர் தப்புக்கு இவளுக்கு மருந்தா?"

"குக்கர் எங்க ஒப்பந்தத்துல வராதுங்க," என்றார் வருத்தத்துடன். சங்கம் போட்ட தீர்மானத்தின்படி ஒட்டிய பட்டை அது. வேறு தீர்மானம் போட்டால் கழற்றலாம், அதுவரை தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

திங்கள் மாலை அவசரக் கூட்டம் போட்டு, டாக்டர் ஆதவனையும் அதற்கு வரவழைத்தேன். அன்று காலை, நல்ல வேளையாக, ஜெசிந்தா டீச்சர் வந்தார். பயிற்சிக்குக் காத்திருக்கிறவர்களை ஒரே ஒரு முறை முன்கூட்டி வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று விதி இருந்தது, அதற்காக வந்தவர். குட்டையான, சிரிக்காத பெண்மணி. தோளில் பெரிய துணிப்பை. நறுமுகையின் அறையில் காலை ஏழு முதல் எட்டு வரை ஒரு நோட்டுடன் நின்றார். பிறகு வெளியே வந்து தண்ணீர் கேட்டார்.

"பிள்ளைய அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். "மொதல்ல பயிற்சி குடுக்க வேண்டியது உங்க பதினஞ்சு வீட்டுக்கு."

"அப்ப மருந்தே தப்புங்கறீங்களா டீச்சர்?"

"யார் சொன்னா? மருந்து இல்லாம முடியாத பிள்ளைங்க எங்கிட்டயே இருக்காங்க. எதுக்குன்னு தெரிஞ்சு, எவ்வளவுன்னு பாத்துக் குடுத்தா அது மருந்து. நீங்க சாதம் வடிக்கிறதுக்கு இவளத் தூங்க வைக்கிறது மருந்தில்ல சார். அதுக்கு நீங்களே ஒரு பேர் வச்சுக்குங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பட்டைய சடார்னு கழட்டிராதீங்க. பெரியாஸ்பத்திரி டாக்டரக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்," என்றார்.

கூட்டத்தில் நான் நடந்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. முக்கியமாகத் தட்சிணாமூர்த்தி.

"முப்பத்தஞ்சு வருஷம் இயந்திரத்தோட பொழங்கினவன் நான்," என்றார். "இயந்திரம் பொய் சொல்லாது சைலம். தமிழ் வாத்தியாருக்கு இதெல்லாம் புரியாது. டாக்டர், மாதிரிப் பட்டை இருக்கா? எடுங்க, நானே போட்டுக்கறேன். அமைதியா இருக்கறவனுக்கு அது ஒண்ணும் செய்யாதுன்னு எல்லாரும் பாத்துக்கட்டும்."

டாக்டருக்கு மகிழ்ச்சி. அரை வீரியம் உள்ள மாதிரிப் பட்டையைச் சட்டைக் கையை மடித்து ஒட்டிவிட்டார். விளக்கு பச்சையாக எரிந்தது. தட்சிணாமூர்த்தி புஜத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கூட்டத்தைத் தன் வழக்கப்படி நடத்தத் தொடங்கினார். அதாவது, கத்தத் தொடங்கினார்.

"ஒரு பிள்ளைக்காகப் பதினஞ்சு வீட்டு அடுப்ப அணைக்கணுமா?" நீலம். "இன்னைக்குக் குக்கரும்பாங்க, நாளைக்கு மிக்சியும்பாங்க." நீலம். "சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" நீலம். மேசையைத் தட்டினார், அதற்கும் நீலம். மனிதருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு. நான்கு நிமிடத்தில் ஆறு துளி போயிருந்தது. ஏழாவதில் குரல் இறங்கியது. எட்டாவதில் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த வினோதினியைப் பார்த்துப் புன்னகை செய்தார். பத்து வருடத்தில் அவர் பல்லை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பதறிப்போய்ப் பட்டையைக் கழற்றக் கையை நீட்டினார்.

"ஏன் சார் கழட்டுறீங்க?" என்றாள் வினோதினி. "அமைதியாத்தானே இருக்கார்."

"இல்லம்மா, அவர் வயசானவர். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா…"

"எம்பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. ஒரு நாளைக்கு முப்பத்தொண்ணு."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு பட்டையைக் கழற்றினார். நான் எழுந்து தீர்மானத்தை வாசித்தேன். நறுமுகையின் பட்டையை அரசு மருத்துவர் மேற்பார்வையில் குறைத்துப் பதினைந்து நாளில் கழற்றுவது. மூன்று மாதத்துக்குக் காலை ஆறு முதல் எட்டு வரை எந்த வீட்டிலும் விசில் அடிக்காமல் சமைப்பது. ஜெசிந்தா டீச்சரின் பயிற்சிக்கு ஒத்துழைப்பது. வரதராஜன் ஏதோ சொல்ல எழுந்தார். மேசையில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மாதிரிப் பட்டை கிடந்ததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"செயலாளர் சார், எதிர்ப்பு ஏதும் உண்டா?" என்று கேட்டேன்.

தட்சிணாமூர்த்தி குழந்தை மாதிரி தலையை ஆட்டினார். 'எதிர்ப்பு இல்லை. ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன். அவர் குரலை உயர்த்தாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

மறுநாள் காலை அவர் மனைவி ருக்மணி அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த டாக்டர் நம்பர் இருக்கா?" என்றார்.

"எதுக்குக்கா?"

"அந்தப் பட்டை ஒண்ணு வேணும். முப்பத்தெட்டு வருஷத்துல நேத்துதான் என்னைச் சாப்ட்டியான்னு கேட்டார்."

நம்பரை நான் கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம்தானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

பயிற்சி என்றால் ஏதோ பூப்போல நடக்கும் என்று நினைத்திருந்தேன். மருந்து இறங்க இறங்க நறுமுகை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முதல் மாதம் ஜெசிந்தா டீச்சரின் முழங்கையில் நகக்கீறல் இல்லாத இடமில்லை. என் வீட்டு நிலைக்கண்ணாடி உடைந்தது. வினோதினி இரண்டு தடவை என்னிடம் வந்து, "பட்டையே பரவால்லையோ அண்ணா" என்று கேட்டாள். இரண்டாவது தடவை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வரிசையில் எங்கள் முறை வர இன்னும் பதினெட்டு மாதம் இருந்ததால், டீச்சர் தன் விடுமுறை நாளில், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வர முடியும். மற்ற நாட்களுக்கு எங்களுக்கு வீட்டுப்பாடம். லிஃப்டுக்குள் ஓர் அட்டை ஒட்டினார். பதினைந்து வீட்டு நம்பர், ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டங்கள். விசில் இல்லாத காலைக்கு ஒரு தங்க நட்சத்திரம். படித்த, பேரன் பேத்தி எடுத்த மனிதர்களிடம் இது செல்லுமா என்று சிரித்தேன். ஒரே வாரத்தில் வரதராஜன் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். மதுரையிலிருந்து வந்த அவருடைய கொழுந்தியாள் தெரியாமல் விசில் விட்டதற்குத் தன் நட்சத்திரத்தைப் பிடுங்கியது அநியாயமாம். தட்சிணாமூர்த்தி தினமும் காலை எட்டு மணிக்கு லிஃப்டில் ஏறி, எங்கேயும் இறங்காமல், அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

நறுமுகைக்கு நடந்தது வேறு பாடம். தினமும் மாலை என் சமையலறையில் ஒரு குட்டிக் குக்கர். முதல் வாரம் அவள் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பாள், நான் இங்கிருந்து "இப்ப அடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு விசில் விடுவேன். பிறகு என் வாசலுக்கு வந்தாள். பிறகு கூடத்துக்கு. எப்போது அடிக்கும் என்று தெரிந்தால் அவளுக்குப் பயம் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் மாதக் கடைசியில் அடுப்புப் பக்கத்தில் நின்று, "மூணு" என்று சொல்லி அவளே குமிழைத் திருப்பி அணைத்தாள்.

அதற்கும் முன்னால் டீச்சர் கற்றுக்கொடுத்தது ஒரு சொல். உள்ளங்கையை முன்னால் நீட்டி, வேண்டாம். "இது ஒண்ணு கைல இருந்தா அவ கத்த வேண்டியதில்ல," என்றார். "ஆனா அவ சொன்னா நீங்க கேக்கணும். நாலு தடவை சொல்லி ஒரு தடவை கேக்கலேன்னா, அஞ்சாவது தடவை கடிப்பா. நீங்களும் நானும்கூட அதத்தான் செய்வோம்." கேட்டோம். லட்டு வேண்டாம், சரி. தலை பின்ன வேண்டாம், சரி. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றபோது மட்டும் வினோதினி ஒரு மணி நேரம் பேரம் பேசினாள்.

மூன்றாம் மாதம் ஒரு மழை நாள். குடையிலிருந்து சொட்டச் சொட்டப் படியேறிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் வைத்தேன்.

"ஏழு வந்தாச்சு."

அங்கேயே நின்று அழுதேன். வெட்கமே படவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும், அமைதிச் சட்டப்படி ஆய்வு. டாக்டர் ஆதவன் படிவத்துடன் வந்தார். கூட்ட அறையில் எல்லாரும் இருந்தார்கள். நறுமுகையும் அம்மாவுக்குப் பக்கத்தில், கையில் லிஃப்ட் அட்டையிலிருந்து டீச்சர் கொடுத்த ஒரு நட்சத்திரத்துடன் உட்கார்ந்திருந்தாள்.

"திடீர்னு விசில் அடிச்சா இப்பவும் பயப்படறாளா?" என்று கேட்டார் டாக்டர்.

"திடீர்னு அடிச்சா பயப்படுவாதான்," என்றாள் வினோதினி. "ஆனா தினம் கத்தினவ, இப்ப மாசத்துல ரெண்டு தடவைதான்."

"அது அக்கம்பக்கம் மாறினதால வந்ததும்மா. சிகிச்சை பிள்ளைக்குத்தானே குடுக்கணும்? இங்க பதினஞ்சு வீட்டுக்குக் குடுத்திருக்கு. படிவத்துல அக்கம்பக்கத்துக்குக் கட்டம் இல்லை." உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். 'நடத்தைப் பயிற்சி: தோல்வி' என்று எழுதினார். "கவலைப்படாதீங்க, சாந்தம் ரெண்டாம் பதிப்பு வந்துருச்சு. இது குக்கர் சத்தத்தத் தனியாப் பிரிச்சுக் கண்டுபிடிக்கும்."

"மிக்சி?" என்றேன்.

"மிக்சி அடுத்த பதிப்புல வருது."

புதுப் பட்டையை எடுத்துக்கொண்டு நறுமுகையிடம் போனார். அளவு பார்ப்பதற்காக அவள் கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கத்தவில்லை, கடிக்கவில்லை. உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வேண்டாம்."

டாக்டர் படிவத்தில் 'ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார். செயலாளரைப் பார்த்து, "சங்கத்தோட ஒப்புதல் மட்டும் வேணும் சார்," என்றார்.

வினோதினி என்னைப் பார்த்தாள். முதல் கூட்டத்தில் நான் எழுதியது அவளுக்கு நினைவிருந்தது, எனக்கும்தான்.

தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். பட்டை ஒட்டச் சொன்ன பழைய தீர்மானத்தை ஒரே மூச்சில் வாசித்தார். பத்து வருடப் பழக்கம், வாய் தானாக முடித்தது. "எழுதிக்குங்க சைலம், எதிர்ப்பு இல்லை."

எழுதினேன். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கையெழுத்துப் போடும் முன் அவர் எதையும் படிப்பவரில்லை. அன்றைக்கு என்னவோ படித்தார்.

'எதிர்ப்பு: ஒன்று. எட்டாம் நம்பர் வீடு, நறுமுகை. எதிர்ப்பு ஏற்கப்பட்டது. தீர்மானம் கைவிடப்பட்டது.'

இன்னொரு முறை படித்தார். அவருடைய வலது கை மெல்லப் போய், முன்பு பட்டை ஒட்டியிருந்த இடது புஜத்தைத் தடவியது. நறுமுகை இன்னும் உள்ளங்கையை இறக்கவில்லை. தட்சிணாமூர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் பேனாவைக் கேட்டார்.